வரும் குளிர்காலம் எப்படி இருக்கும்? அக்டோபரில் சொல்ல முடிவதும் முடியாததும்

ஆகஸ்ட் கடைசியிலேயே அமெரிக்காவிலும் கனடாவிலும் குளிர்காலச் செய்திகள் தொடங்கிவிடுகின்றன. "லா நினா திரும்புகிறது, இந்த முறை கடுங்குளிர்" என்று ஒரு தலைப்பு வரும் (வெப்பமண்டலப் பசிபிக்கின் நீர் வழக்கத்தைவிடக் குளிரும் நிலைதான் லா நினா). அதே வாரத்தில் "வழக்கத்தைவிட வெப்பமான குளிர்காலம்" என்று இன்னொன்று வரும். நடுவே கம்பளிப்பூச்சியின் நிறம், ஓக் மரத்தடியில் குவிந்த கொட்டைகள், சீக்கிரமே தெற்கே பறந்துபோன வாத்துக்கூட்டம் என்று பழைய அடையாளங்களும் பேசப்படும். டொராண்டோவிலோ நியூ ஜெர்சியிலோ தங்கள் முதல் குளிர்காலத்துக்குத் தயாராகும் குடும்பம் இதில் எதை நம்புவது?

முதல் இரண்டு தலைப்புகளும் ஒரே குளிர்காலத்தில் உண்மையாகிவிட முடியும். அது எப்படி என்று புரிந்தால் மற்ற குழப்பங்களில் பாதி தீர்ந்துவிடும்.

## நாளைய வானிலை வேறு, பருவக் கணிப்பு வேறு

நாளை மழை வருமா என்று சொல்பவர்கள், இன்றைக்குக் காற்று, ஈரம், அழுத்தம் எப்படி இருக்கின்றன என்பதை அளந்து, அது அடுத்து எப்படி நகரும் என்று கணக்கிடுகிறார்கள். இந்தக் கணக்குக்கு ஓர் எல்லை உண்டு. தொடக்க அளவீட்டில் இருக்கும் மிகச் சிறிய பிழைகூட நாளாக நாளாகப் பெருகி, கடைசியில் கணிப்பையே விழுங்கிவிடும் என்று 1960-களில் வானிலை ஆய்வாளர் எட்வர்ட் லோரன்ஸ் காட்டினார். அந்த எல்லை ஏறத்தாழ இரண்டு வாரம். ஆகவே, ஜனவரி 15 அன்று டொராண்டோவில் பனி கொட்டுமா என்று அக்டோபரில் யாராலும் சொல்ல முடியாது. அதற்கான கணினி இன்னும் வரவில்லை என்பது காரணமல்ல, காற்றின் இயல்பே அப்படி.

அப்படியென்றால் பருவக் கணிப்பு எதைச் சொல்கிறது? டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி ஆகிய மூன்று மாதங்களின் சராசரி, வழக்கத்தைவிட எந்தப் பக்கம் சாய வாய்ப்பு அதிகம் என்பதை மட்டும் சொல்கிறது. இந்த வாக்கியத்தில் மூன்று சொற்களைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

1. சராசரி. சுமார் 90 நாள்களின் சராசரி அது. அதற்குள் ஒரு வாரம் உறைகுளிர் வந்துபோனாலும், மீதி நாள்கள் மிதமாக இருந்தால் மொத்தக் கணக்கில் "வெப்பமான குளிர்காலம்" என்றே பதிவாகும்.

2. வழக்கம். அமெரிக்காவில் இப்போது ஒப்பிடுவது 1991 முதல் 2020 வரையிலான 30 ஆண்டுகளோடு. பத்தாண்டுக்கு ஒருமுறை இந்த அளவுகோலை மாற்றுகிறார்கள். பூமி சூடாகிவருவதால் ஒவ்வொரு முறையும் அளவுகோலும் கொஞ்சம் சூடாகிறது. இன்று "வழக்கமான குளிர்" என்று சொல்லப்படுவது, அங்கே 1960-களில் வளர்ந்தவர்களுக்கு மிதமான குளிர்தான்.

3. வாய்ப்பு. இதுதான் மிக அதிகமாகத் தவறாகப் படிக்கப்படும் சொல். இதற்குத் தனியாகக் கீழே வருகிறேன்.

## கம்பளிப்பூச்சி எதைச் சொல்கிறது?

வட அமெரிக்காவில் இலையுதிர் காலத்தில் சாலையோரம் ஊர்ந்து போகும் ஒரு கம்பளிப்பூச்சி உண்டு. இரண்டு முனையும் கருப்பு, நடுவில் செம்பழுப்புப் பட்டை. உடலில் 13 கணுக்கள். பழுப்புப் பட்டை அகலமாக இருந்தால் மிதமான குளிர், கருப்பு அதிகமானால் கடுங்குளிர் என்பது நெடுநாள் நம்பிக்கை. 1948-இல் நியூயார்க்கிலுள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பூச்சியியலாளர் கர்ரன், அருகிலிருந்த பேர் மவுண்டன் பகுதிக்குப் போய்ப் பூச்சிகளைச் சேகரித்துப் பழுப்புக் கணுக்களை எண்ணினார். அதை வைத்து அந்த ஆண்டுக் குளிர்காலத்தைக் கணிக்கவும் செய்தார். செய்தித்தாளில் அது வந்ததும் இந்தப் பூச்சி புகழ்பெற்றுவிட்டது. சில ஆண்டுகள் தொடர்ந்து எண்ணினார். ஆனால் அவர் எடுத்த மாதிரிகள் மிகக் குறைவு. வட கரோலினாவின் பேனர் எல்க் என்ற ஊரில் 1978 முதல் இந்தப் பூச்சிக்குத் திருவிழாவே நடக்கிறது.

உண்மையில் நடப்பது இதுதான். அந்தப் புழு வளர வளரப் பல முறை தோல் உரிக்கிறது. ஒவ்வொரு முறையும் நடுப்பட்டை அகலமாகிறது. பட்டையின் அகலம் அதன் வயதையும், அது வளர்ந்த வசந்தமும் கோடையும் எப்படி இருந்தன என்பதையும் காட்டும். வரப்போகும் குளிர் அதன் உடலில் எழுதப்பட்டிருக்க வழியில்லை.

மற்ற அடையாளங்களுக்கும் இதே கதைதான். மரத்தில் பழம் குலுங்கினால் கடுங்குளிர் வரும் என்று பிரிட்டனில் சொல்வார்கள். பழம் குலுங்குவது, பூக்கும் காலத்தில் உறைபனி அடிக்காமல் இருந்ததால். ஓக் மரம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மொத்தமாகக் காய்ப்பது அதன் இயல்பான சுழற்சி. பெர்சிமன் பழ விதையைப் பிளந்தால் உள்ளே கரண்டி தெரிகிறதா, முள்கரண்டியா, கத்தியா என்று பார்க்கும் வழக்கமும் உண்டு. தெரிவது முளைக்கக் காத்திருக்கும் இளங்குருத்தின் வடிவம்.

இவற்றைக் கவனித்த மனிதர்களைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. விறகும் தானியமும் போதுமா என்ற கவலையில் கண்ணுக்குத் தெரிந்ததையெல்லாம் உற்றுப் பார்த்தவர்கள் அவர்கள். அவர்கள் கண்டவை கடந்த பருவத்தின் தடயங்கள் என்பதே சிக்கல். 1792 முதல் ஆண்டுதோறும் அச்சாகிவரும் அமெரிக்கப் பஞ்சாங்கம் ஒன்று, தன் இரகசியச் சூத்திரத்தைக் கருப்புப் பெட்டியில் பூட்டி வைத்திருப்பதாகவும் 80 விழுக்காடு பலிப்பதாகவும் சொல்லிவருகிறது. இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று அந்தக் கணிப்புகளைச் சரிபார்த்தபோது கிடைத்தது சுமார் 52 விழுக்காடு. நாணயத்தைச் சுண்டினாலும் கிட்டத்தட்ட அவ்வளவு வரும்.

## மெதுவாக மாறுவதைத் தேடினால் கடல்தான் கிடைக்கிறது

மூன்று மாதம் தள்ளிச் சொல்ல வேண்டுமென்றால், மூன்று மாதம் நிலைத்து நிற்கும் ஒன்றைப் பிடிக்க வேண்டும். காற்று இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று. கடல் அப்படியல்ல. கடலின் மேல் மூன்று மீட்டர் நீர் மட்டுமே பூமியின் மொத்த வளிமண்டலம் அளவுக்கு வெப்பத்தைத் தாங்கக்கூடியது. அக்டோபரில் சூடாக இருக்கும் பெருங்கடல் பரப்பு ஜனவரியிலும் பெரும்பாலும் சூடாகவே இருக்கும். அதனால்தான் வெப்பமண்டலப் பசிபிக்கில் நடப்பது சிகாகோவுக்குச் செய்தியாகிறது. வரிசையாகப் பார்ப்போம்.

1. நிலநடுக்கோட்டை ஒட்டிப் பசிபிக்கில் காற்று கிழக்கிலிருந்து மேற்காக வீசுகிறது. மேலே உள்ள வெதுவெதுப்பான நீரை அது இந்தோனேசியப் பக்கம் தள்ளிக் குவிக்கிறது. பெருவின் கரையைவிட அங்கே கடல்மட்டம் ஏறக்குறைய அரை மீட்டர் உயரம்.

2. அந்தக் காற்று தளர்ந்தால், குவிந்த சூடான நீர் கிழக்கு நோக்கிப் பரவும். இது எல் நினோ. காற்று இன்னும் வலுத்தால், கிழக்கிலும் நடுவிலும் ஆழத்துக் குளிர்நீர் மேலேறி வரும். இது லா நினா.

3. சூடான நீர் எங்கே இருக்கிறதோ அங்கேதான் இடிமேகங்கள் எழும். நீர் நகர்ந்தால் மேகக்கூட்டமும் நகரும். அந்த மேகங்கள் வெளிவிடும் வெப்பம் வளிமண்டலத்தில் பெரும் அலைகளை எழுப்பும்.

4. அந்த அலைகள், சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் காற்றோட்டத்தின் பாதையை மாற்றுகின்றன. வட அமெரிக்காவின் குளிர்காலப் புயல்கள் அந்தப் பாதையில்தான் போகின்றன.

5. எல் நினோ குளிர்காலத்தில் ஜெட் தெற்கே இறங்கி, கலிபோர்னியா முதல் புளோரிடா வரை ஈரம் சேர்க்கும். மேற்குக் கனடாவும் அமெரிக்காவின் வட மாநிலங்களும் மிதமாக இருக்கும். லா நினாவில் அது வடக்கே ஏறி வளைந்து நெளியும். அலாஸ்கா, மேற்குக் கனடா, வட சமவெளிகள் குளிரும். பேரேரிகளை ஒட்டியும் ஒஹாயோ ஆற்றுப் படுகையிலும் ஈரம் கூடும். தென் மாநிலங்கள் வறண்டு, வெப்பமாக இருக்கும்.

இதெல்லாம் பல ஆண்டுகளின் சராசரிப் போக்கு. ஒவ்வோர் ஆண்டும் இப்படியே நடக்கும் என்று பொருளல்ல.

அளவிடும் முறையையும் சொல்லிவிட வேண்டும். மேற்குத் தீர்க்கரேகை 170 டிகிரி முதல் 120 டிகிரி வரை, நிலநடுக்கோட்டுக்கு வடக்கிலும் தெற்கிலும் 5 டிகிரி வரை உள்ள பரப்பு 'நினோ 3.4' எனப்படுகிறது. அங்கே கடல் மேற்பரப்பு வழக்கத்தைவிட 0.5 டிகிரி செல்சியஸ் கூடி நிலைத்தால் எல் நினோ, அதே அளவு குறைந்து நிலைத்தால் லா நினா. அரை டிகிரிதானே என்று தோன்றலாம். பல ஆயிரம் கிலோமீட்டர் நீளக் கடற்பரப்பு முழுவதும் அரை டிகிரி என்பது மிகப்பெரிய வெப்பம்.

1982-83-இல் வந்த வலுவான எல் நினோவை, அது நன்றாக வளர்ந்த பிறகுதான் அறிவியலாளர்களே உணர்ந்தார்கள். அதன்பின் பசிபிக்கின் குறுக்கே சுமார் 70 மிதவைகளை நங்கூரமிட்டு, நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழம் வரை வெப்பத்தை அளக்கும் வலையமைப்பை உருவாக்கினார்கள். 1994-இல் அது நிறைவடைந்தது. மேற்கே திரண்ட சூடான நீர் மேற்பரப்புக்கு அடியில் ஓர் அலையாகப் புறப்பட்டு, இரண்டு மூன்று மாதங்களில் தென் அமெரிக்கக் கரையைத் தொடும். மேலே ஒன்றும் தெரியாதபோதே ஆழத்தில் அது தெரிந்துவிடும். குளிர்காலத்துக்கு உண்மையான முன்னடையாளம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் நான் இதைத்தான் சொல்வேன்.

மார்ச், ஏப்ரலில் செய்யப்படும் எல் நினோ கணிப்புகள் அடிக்கடி தவறும். அந்த மாதங்களில் பசிபிக் எந்தப் பக்கமும் திரும்பக்கூடிய நிலையில் இருக்கும். ஆண்டின் நடுவில் திசை தெளிந்து, நவம்பர் முதல் ஜனவரிக்குள் உச்சம் தொடும். கிறிஸ்துமஸ் சமயத்தில் வெதுநீர் வந்ததால்தான் பெரு மீனவர்கள் குழந்தை இயேசுவின் பெயரை அதற்கு வைத்தார்கள். ஆகவே ஏப்ரலில் "அடுத்த குளிர்காலம்" பற்றி வரும் செய்தியைத் தாண்டிப் போய்விடலாம். அக்டோபரில் வருவதைப் படிக்கலாம்.

## சென்னை மாகாணப் பஞ்சத்தில் தொடங்கிய தேடல்

இன்று சிகாகோவுக்கும் லண்டனுக்கும் பயன்படும் இந்த அறிவின் வேர் இந்தியாவில் இருக்கிறது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தையும் தக்காணத்தையும் அழித்த பெரும் பஞ்சத்தில் இறந்தவர்கள் 50 லட்சத்துக்கும் அதிகம் என்று மதிப்பிடப்படுகிறது. தானிய ஏற்றுமதியை நிறுத்தாத ஆட்சியின் பொறுப்பை மழை மீது ஏற்றிவிட முடியாது. ஆனால் மழை பொய்த்ததும் உண்மை. 1877-இல் பசிபிக்கில் இருந்தது மிக வலுவான ஓர் எல் நினோ என்பது இப்போது தெரிகிறது. அப்போது யாருக்கும் தெரியாது.

அடுத்த பஞ்சத்தை முன்கூட்டியே அறிய முடியுமா என்று கேட்கப்பட்டது. 1875-இல் தொடங்கிய இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவர் ஹென்றி பிளான்ஃபோர்ட், இமயமலையில் பனி அதிகமாக விழுந்தால் அடுத்த பருவமழை குறைகிறது என்று கவனித்தார். 1886-இல் அதன் அடிப்படையில் முதல் அதிகாரபூர்வப் பருவக் கணிப்பு வெளியானது. சில ஆண்டுகள் நன்றாகப் பலித்தது. 1899-இல் நல்ல மழை வரும் என்றார்கள். வந்தது கடும் வறட்சி, தொடர்ந்து பஞ்சம்.

1904-இல் பொறுப்பேற்ற கில்பர்ட் வாக்கர் கணிதவியலாளர். ஓர் அடையாளத்தை மட்டும் நம்பாமல் உலகெங்குமிருந்து அழுத்தம், மழை, வெப்பப் பதிவுகளைத் திரட்டி, ஒன்றோடொன்று ஒப்பிட ஆள் வைத்துக் கணக்குப் போட்டார். பசிபிக்கின் ஒரு பக்கம் அழுத்தம் உயர்ந்தால் இந்தியப் பெருங்கடல் பக்கம் தாழ்கிறது என்ற ஊசலாட்டம் அதில் புலப்பட்டது. கூடவே, ஐஸ்லாந்துக்கும் அசோர்ஸ் தீவுகளுக்கும் இடையே அட்லாண்டிக்கில் இன்னோர் ஊசல் இருப்பதும் தெரிந்தது. முதலாவது எல் நினோவின் காற்றுப் பக்கம் என்று 1960-களின் கடைசியில் ஜேக்கப் பியர்க்னஸ் விளக்கினார். இரண்டாவதுதான் இன்று ஐரோப்பாவின் குளிர்காலத்தைத் தீர்மானிக்கும் முதல் காரணியாகக் கருதப்படுகிறது. இந்தியாவின் மழைக்காகச் செய்த கணக்கு, மற்ற கண்டங்களின் குளிருக்கு விடை தந்தது.

ஒரு சின்ன எச்சரிக்கை இங்கே. லா நினா என்றதும் எல்லா ஊரிலும் ஒரே விளைவு என்று நினைக்கக் கூடாது. தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழை லா நினா ஆண்டுகளில் சராசரியாகக் குறையவே செய்கிறது. ஆனாலும் 2021 லா நினா ஆண்டுதான், அந்த நவம்பரில் சென்னை வெள்ளத்தில் நின்றது. வங்கக் கடல் அந்த நேரத்தில் எப்படி இருக்கிறது என்பதும் சேர்ந்தே முடிவு செய்கிறது.

## வண்ண வரைபடத்தை எப்படிப் படிப்பது?

அமெரிக்கக் கடல், வளிமண்டல நிர்வாகம், சுருக்கமாக நோவா, அக்டோபர் நடுவில் குளிர்காலக் கணிப்பை வெளியிடுகிறது. ஆரஞ்சு, நீலம், பச்சை, பழுப்பு என்று வரைபடம். ஆரஞ்சு நிறம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு வெயில் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அந்த அடர்த்தி வாய்ப்பின் அளவு, வெப்பத்தின் அளவு அல்ல.

ஓர் ஊரின் 1991 முதல் 2020 வரையிலான 30 குளிர்காலங்களை வரிசைப்படுத்துங்கள். மிகக் குளிர்ந்த 10, நடுவே 10, மிக வெப்பமான 10. எந்தத் தகவலும் இல்லாவிட்டால் அடுத்த குளிர்காலம் இந்த மூன்றில் எதில் விழவும் 33 விழுக்காடு வாய்ப்பு. வரைபடத்தில் 'சம வாய்ப்பு' என்று வெள்ளையாக விடப்பட்ட இடங்களுக்கு இதுதான் பொருள். அந்த இடத்தில் குளிர் வழக்கம்போல் இருக்கும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை.

இப்போது ஓர் ஊருக்கு "வெப்பமாக இருக்க 50 விழுக்காடு" என்று போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நடுப்பிரிவு 33 விழுக்காட்டில் நிற்கும். குளிர்ப் பிரிவுக்கு மிச்சம் 17. ஆறில் ஒரு பங்கு! செய்தியில் "இந்த ஆண்டு வெப்பமான குளிர்காலம்" என்று வந்த ஊரில், மிகக் குளிர்ந்த பத்தில் ஒன்று போன்ற குளிர்காலம் வர ஆறில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. இந்த ஆறில் ஒன்றைத் தலைப்பில் சொல்ல இடமில்லாமல் போவதுதான் எனக்குக் கவலை தரும் விஷயம்.

அப்புறம், இந்த வரைபடத்தில் பனிப்பொழிவு கிடையாது. எங்கே எவ்வளவு பனி விழும் என்பது ஒரு வாரத்துக்கு மேல் முன்னால் சொல்ல முடியாதது என்று நோவாவே தெளிவாகச் சொல்கிறது. ஜீரோ டிகிரிக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்ற ஒரு டிகிரி வித்தியாசத்தில் பனி மழையாகிவிடும். செப்டம்பரில் "உங்கள் ஊரில் இத்தனை அங்குலம்" என்று படம் போடுபவர்களைப் பொருட்படுத்த வேண்டாம்.

## டெக்சஸ், பிப்ரவரி 2021

2020 அக்டோபரில் பசிபிக்கில் லா நினா தெளிவாக இருந்தது. தென் மாநிலங்கள் வழக்கத்தைவிட வெப்பமாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று கணிப்பு வந்தது. டிசம்பரும் ஜனவரியும் அமெரிக்கா முழுவதும் சேர்த்துப் பார்த்தால் வெப்பமாகவே போயின.

பிப்ரவரி நடுவில் ஆர்க்டிக் காற்று மெக்சிகோ எல்லை வரை இறங்கியது. பிப்ரவரி 16 அன்று டாலஸ் விமான நிலையத்தில் மைனஸ் 19 டிகிரி செல்சியஸ். 1949-க்குப் பிறகு அந்த ஊர் காணாத குளிர். எரிவாயுக் கிணறுகளும் குழாய்களும் உறைந்தன, மின் நிலையங்கள் நின்றன, 45 லட்சம் வீடுகளிலும் கடைகளிலும் மின்சாரம் போனது. சூடேற்ற வழியில்லாமல் மூடிய கொட்டகையில் காரை இயக்கியும் வீட்டுக்குள் அடுப்பை எரித்தும் கார்பன் மோனாக்சைடு நச்சுவாயுவில் இறந்தவர்களும் உண்டு. மாநிலச் சுகாதாரத் துறையின் கணக்கில் மொத்தம் 246 பேர் உயிரிழந்தனர்.

கணிப்பு பொய்யா? மூன்று மாதச் சராசரி பற்றிய கூற்று அது. இந்த ஒரு வாரத்தைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. கொடுமை என்னவென்றால், மின் நிலையங்களையும் குழாய்களையும் குளிருக்குத் தயார்படுத்துங்கள் என்று 2011-இல் வந்த உறைகுளிருக்குப் பிறகே பரிந்துரை இருந்தது. மிதமான குளிர்காலமே அங்கே பெரும்பாலும் வரும் என்ற நம்பிக்கையில் அது கிடப்பில் போனது. சராசரியை வைத்து எரிபொருள் வாங்கலாம். சராசரியை வைத்துக் குழாயின் பாதுகாப்பைத் தீர்மானிக்கக் கூடாது.

## ஒரே குளிர்காலத்தில் மூன்று முகம்

2022-23 அடுத்தடுத்து வந்த மூன்றாவது லா நினா குளிர்காலம். பாடப்புத்தகப்படி மேற்குக் கனடா குளிர்ந்திருக்க வேண்டும், கலிபோர்னியாவின் தெற்கு வறண்டிருக்க வேண்டும்.

ஒட்டாவாவில் 7.8 கிலோமீட்டர் நீளமுள்ள ரிடோ கால்வாய் ஒவ்வொரு குளிர்காலமும் உறைந்து, மக்கள் சறுக்கிச் செல்லும் பாதையாகும். 1970-களின் தொடக்கத்திலிருந்து ஓர் ஆண்டுகூடத் தவறாத அந்தப் பாதை, அந்தக் குளிர்காலத்தில் முதல்முறையாகத் திறக்கப்படவே இல்லை. பனிக்கட்டி போதிய தடிமனாகவில்லை.

எல்லைக்கு அந்தப் பக்கம் எரி ஏரிக்கரையில் பஃபலோ. நவம்பரில் அதன் புறநகர் ஒன்றில் சில நாள்களில் 6 அடிக்கு மேல் பனி. கிறிஸ்துமஸை ஒட்டி வந்த பனிப்புயலில் ஒன்றரை நாளுக்கு மேல் கண்முன் எதுவும் தெரியவில்லை. அந்தக் கவுண்டியில் மட்டும் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இவ்வளவு பனிக்குக் காரணமே ஏரி உறையாமல் வெதுவெதுப்பாக இருந்ததுதான். குளிர்காற்று வெதுவெதுப்பான ஏரியைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு, கரை ஏறியதும் பனியாகக் கொட்டும். மிதமான இலையுதிர் காலத்தைத் தொடர்ந்து ஏரிக்கரை ஊர்களில் பெரும்பனி கொட்டுவது இதனால்தான்.

கலிபோர்னியாவிலோ டிசம்பர் கடைசியிலிருந்து மூன்று வாரங்களில் ஒன்பது 'வளிமண்டல ஆறுகள்', அதாவது கடலிலிருந்து நீராவியைச் சுமந்துவரும் நீண்ட காற்றுப் பட்டைகள், அடுத்தடுத்து மோதின. வறட்சிக்குத் தயாராக இருந்த மாநிலத்தில் வெள்ளம். ஏப்ரலில் அளந்தபோது மலைகளில் பனிச்சேமிப்பு வழக்கத்தைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகம்.

அடுத்த ஆண்டு, 2023-24, வலுவான எல் நினோ. வடக்கு வெப்பமாக இருக்கும் என்றார்கள். அப்படியே நடந்தது. அமெரிக்கப் பெருநிலப்பரப்பிலும் கனடாவிலும் பதிவான குளிர்காலங்களிலேயே அதுதான் மிக வெப்பமானது. பசிபிக் உரக்கப் பேசும் ஆண்டில் கணிப்பு வலுவானது. மெலிந்த லா நினா இருக்கும் ஆண்டில் வேறு காரணிகள் முந்திக்கொள்ளும்.

## பசிபிக்குக்கு வெளியே

அந்த வேறு காரணிகளில் முக்கியமானது வட துருவத்துக்கு மேலே, தரையிலிருந்து 15 முதல் 50 கிலோமீட்டர் உயரத்தில், குளிர்காலம் முழுவதும் சுழலும் துருவச் சுழல். அது வலுவாக இருந்தால் குளிரை வடக்கிலேயே கட்டி வைக்கும். சில குளிர்காலங்களில் கீழிருந்து எழும் அலைகள் அதை உடைக்கும். அப்போது அந்த உயரத்தில் சில நாள்களுக்குள் பல பத்து டிகிரி வெப்பம் கூடும். விளைவு இரண்டு வாரத்திலிருந்து இரண்டு மாதம் வரை தரையில் தெரியக்கூடும். 2021 ஜனவரி தொடக்கத்தில் அப்படி ஒரு முறிவு நடந்தது. டெக்சஸ் குளிரில் அதன் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களிடையே விவாதம் தொடர்கிறது.

இதை அக்டோபரிலேயே மோப்பம் பிடிக்க முடியுமா என்று பார்த்தவர் அமெரிக்க ஆய்வாளர் ஜூடா கோஹன். அக்டோபரில் சைபீரியாவில் பனிப்போர்வை வேகமாகப் பரவினால், சுழல் பலவீனமடைந்து கிழக்கு அமெரிக்காவும் ஐரோப்பாவும் குளிர்கின்றன என்றார். பல ஆண்டுகள் நன்றாகப் பொருந்திய அந்தத் தொடர்பு, பிந்தைய குளிர்காலங்களில் அதே அளவு நிற்கவில்லை. இமயப் பனியை நம்பிய பிளான்ஃபோர்டுக்கு நேர்ந்ததும் இதுவே. சில பத்தாண்டுகளின் பொருத்தத்தை மட்டும் வைத்து ஓர் அடையாளத்தை நம்பினால் இந்த ஆபத்து எப்போதும் உண்டு.

ஐரோப்பாவுக்குப் பசிபிக் தூரம். அட்லாண்டிக் ஊசல்தான் அங்கே பெரிது. பிரிட்டன் வானிலை அலுவலகம் 2009-10 குளிர்காலம் மிதமாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்றது. வந்தது சுமார் 30 ஆண்டுகளில் மிகக் கடுமையான குளிர். அதே 2009-இல் நல்ல வெயில் கோடை வரும் என்று சொன்னதும் மழையில் கரைந்திருந்தது. 2010-இல் பொதுமக்களுக்கான பருவக் கணிப்பையே நிறுத்திவிட்டார்கள். ஆனால் ஆய்வை நிறுத்தவில்லை. நவம்பர் தொடக்கத்திலேயே அந்த ஊசலின் போக்கைக் கணினி மாதிரிகளால் ஓரளவு பிடிக்க முடிகிறது என்று 2014-இல் அதே அலுவலகத்தின் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

## எந்தச் செய்தியை எப்போது படிப்பது?

1. ஆகஸ்ட், செப்டம்பர். நினோ 3.4 எந்தப் பக்கம் போகிறது என்பதை மட்டும் பாருங்கள். மற்ற குளிர்காலத் தலைப்புகளை விட்டுவிடலாம்.

2. அக்டோபர் நடுப்பகுதி. நோவாவின் வரைபடம். உங்கள் ஊருக்கு 33-க்கு மேல் எவ்வளவு என்று பாருங்கள். 40 என்றால் மெல்லிய சாய்வு. மிச்சமிருக்கும் பிரிவுகளின் வாய்ப்பையும் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். சூடேற்றும் செலவைத் திட்டமிட இது உதவும்.

3. நவம்பர். ஏரிக்கரையில் இருப்பவர்கள் ஏரி நீரின் வெப்பத்தைக் கவனிக்கலாம். விண்டர் டயர் மாற்றுவதைக் கணிப்போடு சேர்த்து யோசிக்கவே வேண்டாம். வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே இறங்கத் தொடங்கும்போதே சாதாரண டயரின் பிடி குறைந்துவிடும்.

4. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. துருவச் சுழல் உடைந்தது என்ற செய்தி வந்தால், அக்டோபர் வரைபடத்தில் உங்கள் ஊர் ஆரஞ்சா நீலமா என்பதை மறந்துவிட்டு, அடுத்த ஆறு வாரங்களுக்கு உள்ளூர் வானிலை எச்சரிக்கைகளைத் தினமும் பாருங்கள். வெளிச்சுவரை ஒட்டிய தண்ணீர்க் குழாய்களுக்கு உறை, மின்சாரம் போனாலும் இயங்கும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி, இரண்டு மூன்று நாளுக்கான உணவு, மருந்து, போர்வை, காரில் ஒரு மண்வெட்டி. பஃபலோவில் இறந்தவர்களில் சிலர் காருக்குள் சிக்கிக்கொண்டவர்கள். பயணத் தடை அறிவிக்கப்பட்டால் வண்டியை எடுக்காதீர்கள்.